அவர் மாதிரி ஒருவர்

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் எனக்கு வீடு கிடைக்க இரண்டு மாதம் ஆனது. நாற்பத்திரண்டு வயதில் தனி ஆளாக வீடு தேடுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். போனில் பேசும்வரை எல்லாம் சரியாக இருக்கும். சனத்நகரில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்ட்ரியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை, சொந்த ஊர் விருதுநகர், குடிப்பழக்கம் இல்லை என்று நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள். நேரில் போய் நின்றதும் பேச்சு மாறிவிடும். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்பார்கள். இல்லையென்றால் குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுக்கிறோம் என்பார்கள். அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்.

என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏழு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மேல் உதடு கிழிந்தது. தையல் போட்டவர் கொஞ்சம் இழுத்துப் போட்டுவிட்டார். அதனால் வாயின் இடது ஓரம் எப்போதும் லேசாக மேலே ஏறியிருக்கும். நான் சும்மா நின்றாலே எதிரில் இருப்பவரை இளக்காரமாகப் பார்ப்பது போலத் தோன்றும். நல்ல கறுப்பு, புருவம் வேறு இரண்டும் சேர்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் "என்னடா நக்கலா?" என்று கேட்டு அடித்திருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் என் மனைவி நாளைக்கு இரண்டு தடவையாவது "இப்ப எதுக்குக் கோவம்?" என்பாள். கோபமே இல்லை என்பேன். ஐந்தாவது வருஷம் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆறாவது வருஷம் பிரிந்தோம். அதற்கு உதட்டைக் காரணம் சொல்ல மாட்டேன். வேறு காரணங்கள் இருந்தன, அதில் பாதி என்னுடையவை.

கடைசியில் கிடைத்த வீடு மூன்றாவது மாடியில். அதன் சொந்தக்காரர் பெங்களூரில் இருந்தார். என்னை நேரில் பார்க்காமலே கொடுத்துவிட்டார்.

நான்கு மாடி, பன்னிரண்டு வீடு. அங்கே முதல் இரண்டு வருஷம் ஒரே மாதிரிதான் போனது. காலையில் மெட்ரோ பிடித்து அமீர்பேட்டையில் மாறி எர்ரகட்டாவில் இறங்கி ஃபவுண்ட்ரிக்குப் போவேன். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வருவேன். லிஃப்டில் நான் ஏறினால் பெண்கள் "நீங்க போங்க, நாங்க அப்புறம் வர்றோம்" என்று தெலுங்கில் சொல்லி நின்றுகொள்வார்கள். கீழே விளையாடும் குழந்தைகள் என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்கள். குடியிருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அதில் என்னைச் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசுவது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான், கடையில் தயிர் பாக்கெட் கேட்பது. வீட்டுக்கு வந்து தமிழ்ச் செய்தியைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருப்பேன். சத்தம் இருந்தால் போதும்.

இரண்டாவது மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஒரு நாள் படியேறும்போது சாத்திய கதவுக்கு உள்ளிருந்து "குக்கரை இறக்கு, மூணு விசில் ஆச்சு" என்று ஒரு குரல் கேட்டது. மதுரைப் பக்கத்துப் பேச்சு. அப்படியே நின்றுவிட்டேன். அடுத்த வாரம் அந்த அம்மாளைப் படியில் பார்த்தபோது "நீங்க தமிழா?" என்று கேட்டேன். "ஹவ், ஹவ்" என்று இந்த ஊர்க்காரர்கள் ஆமாம் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

மூன்றாவது வருஷம் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, பதினோரு மணி இருக்கும். காய்கறி வாங்கிக்கொண்டு வந்தேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் ஒருவர் இறங்கி வந்தார். தாடி. தோளில் கறுப்புப் பை. கட்டம் போட்ட சட்டை. அவர் சுவரோரம் ஒதுங்கினார், நானும் ஒதுங்கினேன். என் கையிலிருந்த பை கிழிந்து கொத்தமல்லி வெளியே வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் இரண்டு விநாடி.

அன்றைக்குத்தான் இரண்டாவது மாடி வீட்டில் மகளின் லேப்டாப் காணாமல் போனது. அம்மா மொட்டை மாடியில் துணி காயப்போடப் போயிருந்திருக்கிறார். மகள் குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கதவு திறந்துகிடந்தது. முன்னறை மேஜையில் சார்ஜில் போட்டிருந்ததை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

நாலரை மணிக்குக் கீழே பேச்சுச் சத்தம் கேட்டு இறங்கிப் போனேன். ஏழெட்டுப் பேர் இரண்டாவது மாடி வாசலில் நின்றிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை, ஆனால் அத்தனை பேரிடமிருந்தும் ஒரே நேரத்தில் அன்றுதான் வந்தது. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என்னிடம் ஹிந்தியில், காலையில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன் என்றேன். எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்று கேட்டார்.

அப்போது எனக்கு அந்த ஆள் ஞாபகம் வந்தார். படியில் ஒருவரைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

அந்த இடமே மாறிப்போனது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என் பக்கம் வந்து நின்றார்கள். யாரோ உள்ளேயிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். எப்படி இருந்தான், வயது என்ன, கையில் என்ன என்று கேட்டார்கள். தாடி, பை, கட்டம் போட்ட சட்டை என்றேன். தாடி என்றதும் நாலாவது மாடிக்காரர், தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் செய்கிறவர் இன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாரே, அவருக்குத் தாடி உண்டு என்றார். வயதான அம்மாதான் கதவைத் திறந்துவிட்டதால், எத்தனை மணிக்கு வந்தார் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்டில் இருக்கும் பதிவேட்டில் தேதியும் வீட்டு எண்ணும் இருந்தன, நேரம் எழுதும் இடம் காலியாக இருந்தது. கேட் கேமராவில் பை மாட்டிய முதுகு ஒன்று தெரிந்தது, அதில் ஓடிய நேரமும் தவறாக இருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் பார்த்தது அவர்தானா என்று செயலாளர் கேட்டார். "வைஸா ஹீ தா" என்றேன். அந்த மாதிரிதான் இருந்தார் என்று பொருள். "வஹீ தா" என்றால் அவரேதான் என்று ஆகிவிடும். என் ஹிந்தி அரைகுறை. ஆனால் இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். இதை எழுதிவைக்கக் காரணம், பிற்பாடு ஒரு கட்டத்தில் பழியை மொழி மேல் போட நானே முயன்றேன்.

அந்த அம்மாள் உள்ளே கூப்பிட்டார். "தம்பி, வாங்க. ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க."

இரண்டு வருஷத்துக்கும் மேலாக அந்தக் கட்டடத்தில் யாரும் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசியதில்லை. டீயில் இஞ்சி போட்டிருந்தார். இருபது வருஷம் முன்னால் கணவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்தார்களாம். மகளுக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோதான் வரும் என்று வருத்தப்பட்டார். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். படியில் பார்த்த கதையை மறுபடி சொல்லச் சொன்னார், சொன்னேன். மறுநாள் செயலாளர் தன் வீட்டுக்கு அழைத்தார், அங்கே சொன்னேன். சாயங்காலம் வெளியூரிலிருந்து அந்த அம்மாளின் கணவர் திரும்பினார், அவருக்கும் சொன்னேன்.

ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் படியில் இறங்கிய ஆள் தெளிவாகிக்கொண்டே வந்தார். முதலில் கட்டம் போட்ட சட்டை என்றுதான் சொன்னேன். இரண்டாவது தடவை அது நீலக் கட்டம். மூன்றாவது தடவை அவர் ஒரு மாதிரி அவசரமாகத் திரும்பிப் பார்த்தார். நான் பொய் சொல்லவில்லை, அல்லது பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லச் சொல்ல அது என் கண்ணில் தெரிந்தது. கேட்பவர்கள் தலையாட்டும் இடங்களில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. ஃபவுண்ட்ரியில் ஒரு வார்ப்பு அரை மில்லிமீட்டர் கூடுதலா குறைவா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல மாட்டேன், கருவி வைத்து அளந்துதான் கையெழுத்துப் போடுவேன். அந்த வாரம் அது ஞாபகத்துக்கு வரவேயில்லை.

செவ்வாய்க்கிழமை அந்த சர்வீஸ்காரரை வரவழைத்தார்கள். ஃபில்டர் பழுது என்று கம்பெனிக்குச் சொல்லி வரவழைத்ததால் அவர் கருவிப் பையோடு வந்தார். ஐந்தரை மணி. நான் வேலையிலிருந்து சீக்கிரமே அனுமதி வாங்கி வந்திருந்தேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பத்துப் பேர் நின்றோம். அந்த அம்மாள் என் பக்கத்தில் நின்றார்.

விஷயம் புரிந்ததும் சர்வீஸ்காரர், சனிக்கிழமை நான் வந்தது சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு என்றார். நாலாவது மாடியில் ஃபில்டருக்குள் இருக்கும் கேண்டிலை மாற்றினேன், போய்விட்டேன் என்றார். "மை கைக்கு லேதூ சாப்?" நான் எதுக்கு எடுக்கப்போகிறேன் என்று செயலாளரைக் கேட்டார். பிறகு யாரும் கேட்காமலே பையைத் தரையில் கவிழ்த்தார். ஸ்பேனர், ரப்பர் வளையங்கள், புதுக் கேண்டில் இரண்டு, வெள்ளை டேப், ஒரு டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸையும் திறந்து காட்டினார். அது காலியாக, கழுவி இருந்தது.

செயலாளர் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

அந்தத் தாடி நான் நினைத்ததைவிடக் குட்டையாக இருந்தது. எனக்கு அது உறைத்தது. நடுவில் கத்தரித்திருப்பார் என்று உடனே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அவர் இரண்டடி என் பக்கம் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"சாப், டீக் ஸே தேக்கோ" என்றார். நல்லாப் பாருங்க.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருந்தது. இப்போது இல்லை என்று சொன்னால் அது மறுபடி என் மேல் திரும்பும் என்பதும் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் இதையெல்லாம் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் அது அங்கே இருந்தது.

"வஹீ" என்றேன்.

போலீஸுக்குப் போகவில்லை, கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை என்று செயலாளரே சொன்னார். கம்பெனிக்குப் போன் செய்து இந்த ஆளை இனி அனுப்ப வேண்டாம் என்றார். யாரோ அவரைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். அது அந்தத் தெருவிலிருக்கும் மற்ற அபார்ட்மென்ட்களின் குழுக்களுக்கும் போனது. அவர் சாமான்களைத் திரும்பப் பைக்குள் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க நேரமாயிற்று. அதற்குள் பாதிப் பேர் மேலே போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று நான்கு மாதங்கள் ஹைதராபாத்தில் எனக்கு மிகவும் நல்ல மாதங்கள். மறுநாளே குழுவில் என்னைச் சேர்த்தார்கள், அந்தப் போட்டோவை எனக்காக மறுபடி போட்டார்கள். லிஃப்டில் குழந்தைகள் என் மாடிப் பொத்தானைத் தாங்களே அழுத்தினார்கள். உகாதிக்குச் செயலாளர் வீட்டிலிருந்து பச்சடி வந்தது. இரண்டாவது மாடி அக்கா, நான் அப்படித்தான் அழைக்க ஆரம்பித்திருந்தேன், வாரத்துக்கு ஒரு முறையாவது தோசை மாவோ ரசமோ கொடுத்துவிடுவார். அவர் வீட்டு மிக்ஸியை நான் சரிசெய்து கொடுத்தேன். சிரிக்கும்போது என் உதடு எப்படியிருக்கும் என்ற நினைப்பில்லாமல் பேசிக்கொண்டிருந்தேன். எப்போதாவது பல் தேய்க்கும்போதோ சாதம் வடிக்கும்போதோ அந்தக் காலி டிபன் பாக்ஸ் மனசில் வரும். அதைத் தள்ளிவிடுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

ஜூனில் முதல் மழை பெய்த வாரம், குழுவில் ஒரு செய்தி வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு அபார்ட்மென்ட்டில் கையும் களவுமாக ஒருவன் பிடிபட்டிருக்கிறான். அவன் வைத்திருந்த நாலு லேப்டாப்பில் ஒன்று இரண்டாவது மாடி மகளுடையது. திறந்த கதவுகளைப் பார்த்து நுழைவது அவன் வழக்கமாம். கூடவே ஒரு போட்டோ. தாடி வைத்திருந்தான்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அதைப் பார்த்தேன். குழுவில் மேலே மேலே தள்ளிப் பிப்ரவரியில் போட்ட போட்டோவையும் எடுத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சர்வீஸ்காரருக்கு நீண்ட முகம், குழிவிழுந்த கன்னம், நாற்பதை நெருங்கும் வயது. பிடிபட்டவனுக்கு உருண்டை முகம், மூக்கு சப்பை, முப்பதுகூட இருக்காது. காதுகூட வேறு மாதிரி. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது தாடி ஒன்றுதான். சரி, படியில் இறங்கியது இதில் யார் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். கொத்தமல்லி ஞாபகம் வந்தது. படியில் இறங்கிய ஆளுக்கு என் மனசில் முகமே இல்லை. அந்த இடத்தில் நான் செவ்வாய்க்கிழமை பார்த்த சர்வீஸ்காரரின் முகத்தை ஒட்டி வைத்திருந்தேன். அத்தனை மாதமும் அதைத்தான் ஞாபகம் என்று நினைத்திருந்தேன்.

குழுவில் எல்லாரும் கைகூப்பிய படங்கள் போட்டார்கள். கடவுள் இருக்கிறார் என்று ஒருவர் எழுதினார். யாராவது அந்த சர்வீஸ்காரரைப் பற்றிச் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். தண்ணீர் லாரி வரவில்லை என்று பேச்சு நகர்ந்துவிட்டது. நான் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினேன். பிப்ரவரியில் நான் அடையாளம் காட்டியது தவறு, அவரது கம்பெனிக்கும் மற்ற குழுக்களுக்கும் நாம் இதைத் தெரிவிக்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் படித்ததற்கு அடையாளம் தெரிந்தது. ஒருவரும் பதில் எழுதவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துச் செயலாளர் கூப்பிட்டார். கனிவாகத்தான் பேசினார். சங்கம் யார் மேலும் புகார் கொடுக்கவில்லை, தகவல்தான் சொன்னது, இதை இப்போது கிளறினால் சங்கத்துக்குத்தான் பிரச்சினை என்றார். அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள் என்றார். நான் எடுக்கவில்லை.

சாயங்காலம் இரண்டாவது மாடிக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை.

"அக்கா, நாம ரெண்டு பேருமா அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிரலாம். உங்க பொருள்தானே, நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"நாங்க யாரையும் சொல்லலையே. எங்களுக்கு யாரு என்னன்னே தெரியாது."

"தெரியும்க்கா. தப்பு என்னோடதுதான்."

"ஆமா. நீங்கதானே பாத்தேன்னு சொன்னீங்க" என்றார். அதில் கோபம்கூட இல்லை. பிறகு, உள்ளே யாரோ கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவரு வந்ததும் கேட்டுச் சொல்றேன், சார்" என்றார்.

அன்று முதல் நான் தம்பி இல்லை, சார்.

கம்பெனிக்கு நானே போன் செய்தேன். அந்த சர்வீஸ்காரர் மார்ச்சிலிருந்தே வருவதில்லை என்றார்கள். அவர்கள் கொடுத்த அவருடைய பழைய எண் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. எங்கள் தெருவுக்கு இப்போது வருகிற வேறொரு சர்வீஸ்காரரைக் கேட்டுப் பார்த்தேன். அவர் முதலில் தெரியாது என்றார். எதற்கு என்று நான் விளக்கியதும், மௌலா அலியில் மலைக்குப் போகும் ரோட்டில் ஒரு டீக்கடை சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே உட்கார்ந்திருப்பார் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போனேன். என்ன சொல்வது என்று ஹிந்தியில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். டீக்கடை வாசலில் பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் பார்த்தேன். யாருக்கும் தாடி இல்லை. சரி, இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ஓரத்தில் போன் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் போய், தண்ணீர் ஃபில்டர் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இங்கே வருவாராமே, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மைஇச் ஹூ" என்றார். நான்தான்.

அவர் தன் தாடையைத் தடவிக் காட்டினார். "தாடி எடுத்துட்டேன்" என்று ஹிந்தியில் சொன்னார், எனக்கு உதவி செய்கிற மாதிரி.

மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது. நின்றபடியே வாய்க்கு வந்ததைச் சொன்னேன். திருடன் பிடிபட்டான், லேப்டாப் கிடைத்துவிட்டது, நான் சொன்னது தவறு. அவன் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். காட்டினேன். போனைக் கையில் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இவன் என்னை மாதிரி இருக்கானா?"

"இல்ல" என்றேன்.

அவர் போனை டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம் காட்டினார். இவனைப் பார்த்துத்தான் என்னைச் சொன்னார்களாம் என்றார். டீக்கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. நான் படியில் பார்த்தது இவனைத்தானா என்பதுகூட எனக்குத் தெரியாது என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கம்பெனி வேலையை விட்டு நிறுத்தவில்லை, அழைப்புகளைக் குறைத்தது. தார்னாகாவில் ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் காவலாளி தன் போனிலிருந்த படத்தை அவர் முகத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு உள்ளே விட மறுத்திருக்கிறார். வாடிக்கையாளர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். மறுநாள் தாடியை எடுத்தார். பதினெட்டு வருஷமாக வைத்திருந்த தாடி. வீட்டில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு கம்பெனியை அவரே விட்டுவிட்டார்.

மன்னித்துவிடுங்கள் என்றேன். ஹிந்தியில் அது, ரயிலில் யார் காலையாவது மிதித்துவிட்டால் சொல்கிற அளவில்தான் வந்தது.

"வோ நக்கோ" என்றார். அது வேண்டாம். "லிக் கே தேவ்." எழுதிக் கொடுங்கள்.

டீக்கடைக்காரர் ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தார். பெஞ்சில் வைத்து இங்கிலீஷில் எழுதினேன். எழுதியதை ஹிந்தியில் படித்துக் காட்டச் சொன்னார். இன்ன தேதியில் இந்த நபரை நான் தவறாக அடையாளம் காட்டினேன், இவர் அதில் சம்பந்தப்பட்டவர் அல்ல என்று படித்தேன்.

"எதுல? சோரினு எழுதலையே" என்றார்.

உண்மைதான். ஒரு பக்கம் முழுக்க எழுதியும் திருட்டு என்ற சொல்லை நான் தவிர்த்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. இன்னொரு தாள் வாங்கி, திருட்டு என்றும், திருடியவன் பிடிபட்டுவிட்டான் என்றும், இவர் திருடவில்லை என்றும் எழுதினேன். கையெழுத்துப் போட்டு வீட்டு முகவரியும் போன் எண்ணும் எழுதினேன். அவர் அதை வாங்கி, என் கையிலேயே திரும்பக் கொடுத்து, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னார். போனை எடுத்தார். எழுதியது யார் என்று நாளைக்குக் கேட்டால் முகம் வேண்டும் என்றார்.

நின்றேன். ரோட்டில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, கண் மூடியிருக்கிறது என்று இன்னொன்று எடுத்தார். பிறகு கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, டீக்கடைக்காரரிடம் வேறு ஏதோ பேச ஆரம்பித்தார். நான் ரயில் ஸ்டேஷன் வரை நடந்து போனேன்.

ஜூலையில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர் போன் செய்தார். இந்தக் கடிதம் நீங்கள் எழுதியதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். பார்க்கிறோம் என்றார். ஆகஸ்டில் பெங்களூரிலிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் தன் தம்பிக்கு வீடு தேவைப்படுவதாகச் சொன்னார். அது உண்மையாகவும் இருக்கலாம். சாமான்களை வண்டியில் ஏற்றும்போது இரண்டாவது மாடி அக்கா பால் வாங்கிக்கொண்டு வந்தார். "பத்திரமாப் போங்க, சார்" என்றார். நான் சரி என்றேன். குழுவிலிருந்து நானே வெளியே வந்துவிட்டேன்.

இப்போது சனத்நகரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு அறை, ஒரு சமையலறை. வேலைக்கு நடந்தே போய்விடலாம். மெட்ரோவும் இல்லாததால், நாளில் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமாகிறது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய்தேன். டீக்கடையில் அவருடைய போன் எண்ணை வாங்கி வைத்திருந்தேன். நாச்சாரம் பக்கம் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். கடிதம் உதவியதா என்று கேட்டேன். ஒரு இடத்தில் காட்டினேன் என்றார். உங்கள் ஃபில்டரில் ஏதாவது பழுதா என்று கேட்டார். என்னிடம் ஃபில்டர் இல்லை, கேன் தண்ணீர்தான் என்றேன். "ஃபிர்?" என்றார். வேறென்ன என்று பொருள். என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. ஏணியில் நிற்கிறேன் சாப் என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அழைக்கவில்லை.

ஃபவுண்ட்ரியில் கிரைண்டிங் பிரிவுக்கு வடக்கிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை, தலைக்கவசம், மூக்கை மூடிய துணி. அவர்களில் ஒருவரிடம் மூன்று வாரமாகத் தினமும் பேசிக்கொண்டிருந்தேன். ஊரில் அவர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதை விசாரிப்பேன். சில நாள் நன்றாகப் பேசுவார், சில நாள் விழிப்பார். போன வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் துணியை அவிழ்த்துவிட்டு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவரென்று நினைத்தது இரண்டு பேர். அண்ணன் தம்பியா என்றேன். ஒரே மாநிலம்கூட இல்லை என்று சொல்லிச் சிரித்தார்கள். அம்மாவைப் பற்றி விசாரித்தபோதெல்லாம் விழித்தவருக்கு அம்மா இல்லையாம்.

சனிக்கிழமை அந்த இரண்டு பேரில் ஒருவர்தான் வந்திருந்தார், துணி கட்டி, தலைக்கவசம் போட்டு. தூரத்திலிருந்து பார்த்தேன், கிட்டே போயும் பார்த்தேன். யார் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் யார் என்று கேட்டேன்.